மலையிறங்கி வரும் வெப்பம்

1943 ஜனவரி 22. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளின் வடக்கு அடிவாரத்தில் ஸ்பியர்ஃபிஷ் என்று ஒரு சிற்றூர். காலை ஏழரை மணி. வெயில் ஏறாத நேரம். வெப்பமானி மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்தது. 7.32க்கு அதே வெப்பமானியில் 7 டிகிரி! இரண்டே நிமிடத்தில் 27 டிகிரி ஏற்றம். ஒன்பது மணிவாக்கில் 12 டிகிரியைத் தொட்டது. அப்புறம் காற்று ஓய்ந்தது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, பழையபடி மைனஸ் 20. வீட்டு ஜன்னல்கள் விரிசல் விட்டன. வண்டிகளின் முகப்புக் கண்ணாடிகளில் வெண்பனி பூத்து மறைத்தது. இத்தனை குறைந்த நேரத்தில் இத்தனை ஏற்றம் என்ற சாதனை இன்றும் அந்த ஊரின் பெயரில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தில் சூடு என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மேகம் விலகி வெயில் ஏற வேண்டும். ஸ்பியர்ஃபிஷில் வெயிலுக்கு வேலையே இருக்கவில்லை. அந்தச் சூடு மலையிலிருந்து இறங்கி வந்தது. இங்கேதான் நமக்கு இடிக்கிறது. மலைமேல் குளிர், கீழே வந்தால் புழுக்கம் என்பது ஊட்டிக்குப் பேருந்தில் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். குளிர்ந்த இடத்திலிருந்து இறங்கும் காற்று எப்படிச் சூடாக வந்து சேரும்?

விடை சைக்கிள் பம்பில் இருக்கிறது. டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உராய்வும் கொஞ்சம் காரணம்தான். ஆனால் பெரும்பகுதி, உள்ளே அடைபட்ட காற்றை நாம் அழுத்தியதால் வந்த சூடு. மலையிறங்கும் காற்றுக்கும் அதே கதி. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, பள்ளத்தாக்கில் அதிகம். இறங்க இறங்க, சுற்றியுள்ள காற்று அதை நெருக்கிப் பிழிகிறது. வெளியிலிருந்து ஒரு துளி வெப்பமும் வாங்காமலே அது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் சூடேறிவிடும். ஏறும்போது இதற்கு நேர்மாறு: விரிந்து, அதே வீதத்தில் குளிரும்.

அப்படியானால் ஏறியதும் இறங்கியதும் சரிக்குச் சரியாகிவிடாதா? காற்று காய்ந்ததாக இருந்தால் ஆகிவிடும். ஈரம் இருந்தால்தான் கணக்கு மாறுகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். தெற்கே இத்தாலியச் சமவெளியில், 200 மீட்டர் உயரத்தில், 10 டிகிரி வெப்பமுள்ள ஈரக்காற்று மலையேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் போவதற்குள் 8 டிகிரி இழந்து 2 டிகிரிக்கு வந்துவிடும். அந்த உயரத்தில் மேகம் திரளத் தொடங்குகிறது என்று கொள்வோம். நீராவி நீராக மாறும்போது, அது ஆவியாகிய நாளில் வாங்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் அதற்குமேல் குளிர்வது மந்தமாகிறது, கிலோமீட்டருக்கு 6 டிகிரிதான். 3,000 மீட்டர் உச்சியில் மைனஸ் 10. வழியில் மழையும் பனியும் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட்டன. இனி வடக்குப் பக்கம் 600 மீட்டர் வரை இறக்கம், காய்ந்த காற்றின் வீதத்தில்: 2,400 மீட்டருக்கு 24 டிகிரி. கீழே வந்து சேரும்போது 14 டிகிரி. புறப்பட்ட இடத்தைவிட 400 மீட்டர் உயரமான ஊர், ஆனாலும் 4 டிகிரி கூடுதல் சூடு. மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழையின் வெப்பம் இந்தப் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது.

இந்தக் காற்றுக்கு ஆல்ப்ஸில் 'ஃபோன்' என்று பெயர். நம் கைப்பேசி ஃபோன் இல்லை. ஜெர்மன்காரர்கள் உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த உயிரெழுத்து தமிழில் கிடையாது, ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் அவர்கள் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடாவின் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இதே காற்று 'சினூக்'. அங்கே அதற்குப் 'பனிதின்னி' என்ற பட்டப்பெயரும் உண்டு. அந்தப் பெயர் எந்த அளவுக்கு நியாயம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபோன் எங்கிருந்து வருகிறது என்பதில் 19ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. தெற்கிலிருந்து வருகிறது, சூடாக இருக்கிறது, வறண்டிருக்கிறது. அப்படியானால் சஹாராதான் தாய்வீடு என்றார்கள் சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர் சிலர். கேட்பதற்கு இயல்பான முடிவுதான். ஆஸ்திரிய வானிலையியலாளர் யூலியஸ் ஹான் 1866இல் அதை மறுத்தார். அவர் காட்டிய சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிரீன்லாந்து. கிரீன்லாந்தின் கடலோரத்திலும் நடுக்குளிர்காலத்தில் இதேபோலச் சூடான காற்று வீசுகிறது, அதுவும் பனிப்பாளத்தின் பக்கமிருந்து. அங்கே எந்தச் சஹாரா இருக்கிறது? பாலைவனத்துச் சூடு என்று நினைத்தது, மலையே தயாரித்த சூடு என்று அதன்பின் தெளிந்தது.

மேலே நான் போட்ட கணக்கு பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. தவறில்லை, ஆனால் முழுக்கதையும் அது இல்லை. தெற்கே ஒரு சொட்டு மழைகூடப் பெய்யாத நாட்களிலும் வடக்கே ஃபோன் வீசுவது உண்டு. பல சமயம் தெற்குச் சமவெளியின் கனத்த குளிர்காற்று மலையைத் தாண்டத் தெம்பில்லாமல் அடிவாரத்திலேயே தேங்கிவிடுகிறது. கணவாய் மட்டத்திலும் அதற்கு மேலும் ஏற்கெனவே இருக்கும் காற்றுதான் மறுபக்கம் சரிகிறது. அது ஏறவே இல்லை, இறங்க மட்டும் செய்கிறது. அப்போது மழையின் உதவி இல்லாமலே முழு 10 டிகிரி வீதமும் லாபம். இத்துடன் காற்றின் கொந்தளிப்பு மேலிருந்து வெப்பத்தைக் கலக்கிக் கொண்டுவருவதும், மேகம் விலகிய வானில் பகல்வெயில் கூடுவதும் சேர்ந்துகொள்ளும். எந்த நாளில் எது மேலோங்கும் என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. 1999இல் பல நாட்டு ஆய்வாளர்கள் விமானங்களோடும் ரேடார்களோடும் ஆல்ப்ஸில் பெரிய அளவீட்டு இயக்கம் ஒன்றை நடத்தினார்கள். ரைன் பள்ளத்தாக்கின் ஃபோன் அதில் ஒரு தனி அத்தியாயமாகவே ஆராயப்பட்டது. அவ்வளவு சிக்கல் இந்த எளிய காற்றில்.

சிக்கலில் ஒன்று, சூடான காற்று மலையிறங்கினாலும் தரையைத் தொடும் என்ற உறுதி இல்லை. தெளிந்த நீண்ட குளிர்கால இரவுகளில் பனித்தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் குளம்போல் தேங்கும். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே மேலே போகப் போகச் சூடாகிறது. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். மலைச்சரிவில் நிற்பவர் மேற்சட்டையைக் கழற்ற, அடிவாரத்துக்காரர் பல் கிட்டிக்கொண்டு கிடப்பார். நம் நீலகிரியிலும் ஜனவரி விடியலில் உறைபனி முதலில் படிவது உச்சியில் இல்லை, தாழ்வான புல்வெளியிலும் பள்ளத்திலும்தான்.

ஃபோன் வரும்போது இந்தக் குளிர்க்குளத்தின்மேல் எண்ணெய்போல மிதந்து ஓடும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். குளம் கரைந்தால்தான் ஊருக்குள் சூடு. ஸ்பியர்ஃபிஷ் கதை நடந்த அதே நாளில் அதே பிளாக் ஹில்ஸில், லீட் என்ற ஊரில் 11 டிகிரி. சில கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்துக்குள் கிடக்கும் டெட்வுட்டில் மைனஸ் 27. ஸ்பியர்ஃபிஷில் நிமிடக் கணக்கில் நடந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதுதான் சூட்சுமம். அங்கே காற்று திடீரென்று சூடாகவும் இல்லை, குளிரவும் இல்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அருகருகே இருந்தன. அவற்றின் எல்லை, கரையில் அலை ஏறி இறங்குவதுபோல, ஊரின் மேல் வந்து போயிற்று. வெப்பமானி அலை ஏறியதையும் வடிந்ததையும் பதிவுசெய்தது, அவ்வளவே.

இனி பனிதின்னி. சினூக் வீசினால் முழங்கால் பனியும் தண்ணீர் தெரியாமல் மறைந்துவிடும் என்று கனடாவின் கால்கரி நகரத்துக்காரர்கள் சொல்வார்கள். மேற்கு வானில் வில்போல ஒரு மேக விளிம்பும் அதன் கீழ் நீல வானமும் தெரிந்தால் சினூக் வந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். காய்ந்த காற்றில் பனி நேராக ஆவியாவது உண்மை, அதற்குப் பதங்கமாதல் என்று பெயர். ஆனால் பனிக்கட்டியை ஆவியாக்க, அதை உருக்குவதைப்போல எட்டரை மடங்கு வெப்பம் வேண்டும். அவ்வளவு செலவு செய்து தின்பவன் அதிகம் தின்ன முடியாது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசியும் ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பனியும் அப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது. காற்றின் வெப்பம் 5 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம், வெயில் இல்லை என்றால், பனிப்பரப்பு ஆவியாகிக் குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழேயே நிற்கும். வெப்பமானி 5 காட்டும், பனி உருகாது! ஃபோன் இன்னும் சூடேறி 10, 15 டிகிரி என்று பலமாக வீசினால்தான் இந்தப் பானை வித்தை தோற்று உருகல் தொடங்கும்.

உண்மையான பனிதின்னி ஈரக்காற்று. மூடுபனியோடு வரும் மிதமான, ஈரமான காற்று பனிமேல் படும்போது அதிலுள்ள நீராவி பனிப்பரப்பிலேயே நீராகப் படிகிறது. அப்படிப் படியும் ஒவ்வொரு கிராம் நீராவியும் விட்டுப்போகும் வெப்பத்தில் ஏழரை கிராம் பனி உருகும். பனிப்பிரதேசத்து விவசாயிகளிடம் மூடுபனி பனியைத் தின்னும் என்ற நம்பிக்கை இருப்பது இதனால்தான், இயற்பியலும் அவர்கள் பக்கமே.

மழை? பனிமேல் மழை பெய்தால் பனி கரைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் ஏமாற்றம். ஒரு சதுர மீட்டர் பனிமேல் 5 டிகிரி வெப்பமுள்ள மழை 10 மில்லிமீட்டர் பெய்கிறது, அதாவது 10 லிட்டர். அது தன் வெப்பம் முழுவதையும் கொடுத்தாலும் உருகுவது 630 கிராம் பனிதான். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு சொம்புப் பனி. மழைநாளில் பனி வேகமாகக் குறைவதற்கு மழை காரணமில்லை, மழையோடு வந்த ஈரக்காற்றுதான் காரணம். மழை அதன் கூட்டாளி, குற்றவாளி இல்லை.

ஆனாலும் வெள்ளம் என்று வந்தால் மழைக்குப் பங்கு பெரியது, வேறொரு வழியில். 1997 புத்தாண்டு நாளை ஒட்டிக் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இது நடந்தது. ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வெதுவெதுப்பான ஈரக்காற்று ஓர் ஆறுபோல வந்து மலையில் மோதியது. அங்கே டிசம்பரில் நல்ல பனி விழுந்து கிடந்தது. பனியாக விழவேண்டிய உயரங்களிலும் மழையே பெய்தது. சாதாரணக் குளிர்காலப் புயலில் ஆற்றுக்கு உடனே தண்ணீர் தருவது தாழ்ந்த சரிவுகள் மட்டும்தான். மேலே விழுவதெல்லாம் பனியாக அங்கேயே சேமிப்பாகிவிடும், ஏப்ரல், மே வரை. உறைநிலைக் கோடு ஓராயிரம் மீட்டர் மேலே ஏறினால், சேமிப்புக் கிடங்காக இருந்த பரப்பெல்லாம் கூரைத் தகடுபோலத் தண்ணீரை வழியவிடத் தொடங்குகிறது. உருகிய பனியும் அதோடு சேரும். அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் மெர்செட் ஆறு கரை மீறிச் சாலைகளையும் தங்குமிடங்களையும் அடித்துக்கொண்டு போனது. பூங்காவின் அந்தப் பகுதியை இரண்டு மாதத்துக்கு மேல் மூடிவைத்தார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைவிட உடனடிப் பயம் பனிச்சரிவு. கடுங்குளிர்தான் ஆபத்து, கொஞ்சம் சூடு வந்தால் நல்லது என்பது சமவெளிக்காரர்களின் எண்ணம். மலைக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை. புதிதாக விழுந்த உலர்பனியின்மேல் முதல் மழையோ முதல் இளக்கமோ வந்தால், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள்ளேயே சரிவுகள் தாமாக இறங்க ஆரம்பிக்கும். மேலடுக்கு கனக்கிறது, இளகுகிறது, கீழே இழுபடுகிறது. அடியில் அதைப் பிடித்து வைத்திருக்கும் அடுக்கோ இன்னும் குளிரில் நலிந்தே இருக்கிறது. இளக்கம் நாள்கணக்கில் நீண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, எங்காவது ஒரு கெட்டியான ஏட்டின்மேல் தேங்கி, பனித்துகள்களுக்கு இடையிலான பிணைப்பைக் கரைத்துவிடும். இப்படிப் புறப்படும் ஈரப்பனிச்சரிவு மாவுபோலப் பறக்காது. ஈரச் சிமெண்டுக் கலவைபோல நிதானமாக வந்து, எதிரே இருக்கும் மரத்தையும் மதிலையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதில் புதைந்தவரைத் தோண்டி எடுப்பது கல்லுடைப்பதற்குச் சமம், ஏனென்றால் நின்ற மாத்திரத்தில் அது இறுகிவிடும்.

இதில் இரவுக்கு முக்கியப் பங்கு உண்டு. தெளிந்த வானமுள்ள இரவில் ஈரப்பனி மறுபடி உறைந்து கல்லாகும். அதிகாலையில் அதன்மேல் நடப்பது பத்திரம், பத்துமணிக்குமேல் நடப்பது துணிச்சல். மேகம் மூடிய இரவில் அந்த உறைதல் நடக்காது. அதனால்தான் மலையேறிகள் காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்ப்பதற்குமுன் பனியைக் காலால் உதைத்துப் பார்க்கிறார்கள். சரி, குளிர் திரும்பி வந்து எல்லாம் உறைந்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. உறைந்த அந்த வழவழப்பான மேலோட்டின்மேல் அடுத்த வாரம் புதுப்பனி விழும். கண்ணாடிமேல் கொட்டிய மணல்போல அது சரியக் காத்திருக்கும். ஜனவரியின் இளக்கம் பிப்ரவரியின் சரிவுக்கு அடித்தளமாக அமைவதைச் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தார் பனியைக் குழிதோண்டி, அடுக்கடுக்காகப் படித்துச் சொல்வார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல, அந்தக் குளிர்காலம் கண்ட ஒவ்வொரு சூடும் அந்தக் குழியின் சுவரில் ஒரு கோடாக நிற்கும்.

காற்று காய்ந்ததாகவும் பலமாகவும் இருந்தால் தீயும் ஒரு பயம். சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரம் 1861 மே மாதத்தில் ஓர் இரவு ஃபோன் காற்றில் பற்றி எரிந்தது, ஏறக்குறைய அறுநூறு கட்டடங்கள் போயின. ஃபோன் வீசும் நாட்களில் வெளியே தீ மூட்டக்கூடாது, புகைக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும், தெருவில் சுற்றிவரும் காவலும் அந்நாட்டு ஊர்களில் வழக்கமாக இருந்தது இதற்காகத்தான். பழங்கதை என்று தள்ள முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று கொலராடோவின் போல்டர் பகுதியில், மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி மலையிறங்கிய காற்றில் புல்வெளித்தீ ஊருக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. மறுநாளே அந்தச் சாம்பலின்மேல் பனி விழுந்தது. ஒரு நாள் முன்னதாக விழுந்திருக்கக் கூடாதா என்று அன்று நினைக்காதவர் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

வெயிலில்லாத வெப்பத்துக்கு இன்னும் வினோதமான சாட்சி வேண்டுமானால் அண்டார்க்டிகாவுக்குப் போகவேண்டும். அந்தக் கண்டத்திலிருந்து வால்போல நீளும் தீபகற்பத்தின் முதுகில் ஒரு மலைத்தொடர். அதன் கிழக்கே கடலில் மிதக்கும் லார்சன் பனி அடுக்குகள். மேற்கிலிருந்து வரும் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அங்கேயும் ஃபோன்தான். 2016 மே மாதம், அங்கே குளிர்காலம், சூரியன் கண்ணில் படுவதே அரிது. அப்போது லார்சன் சி பனி அடுக்கின் மேல் உருகிய நீர் குளங்களாகத் தேங்கியதைக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் பதிவுசெய்தன. பனியை உருக்கச் சூரியன் தேவையே இல்லை, ஒரு மலையும் அதைத் தாண்டும் காற்றும் போதும்.

இதையெல்லாம் படிப்பவர் புவி வெப்பமாதலைப் பற்றிக் கேட்பார். ஃபோன் அதனால் பிறந்ததில்லை. ஸ்பியர்ஃபிஷ் சாதனைக்கு எண்பது ஆண்டுக்கு மேலாகிறது, ஹானின் விளக்கத்துக்கு நூற்றைம்பதுக்கும் மேல். குளிர்காலத்தில் வந்த ஒரு சூடான நாளைக் காட்டி 'பார்த்தாயா' என்று கூவுவதும், ஒரு குளிர்நாளைக் காட்டி 'எங்கே வெப்பமாதல்' என்று கேட்பதும் ஒரே ரகமான பிழை. மாறியிருப்பது, காற்று எந்தப் படியிலிருந்து தன் ஏற்றத்தைத் தொடங்குகிறது என்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆல்ப்ஸ் ஏறக்குறைய 2 டிகிரி சூடாகியிருக்கிறது, உலக சராசரியைப்போலச் சற்றேறக்குறைய இரு மடங்கு. 2023 ஜனவரி 1 அன்று சுவிட்சர்லாந்தின் டெலெமோன் நகரில் 20.2 டிகிரி பதிவானது. அந்நாட்டில் ஆல்ப்ஸுக்கு வடக்கே ஒரு ஜனவரி நாள் 20ஐத் தொட்டது அதுவே முதல்முறை. தாழ்வான பனிச்சறுக்குத் தளங்கள் அந்த வாரம் பச்சையாகக் கிடந்தன. முன்பு பனி விழுந்த உயரங்களுக்கும் இப்போது மழை ஏறுகிறது. மேலே நான் சொன்ன கூரைத் தகடு ஆண்டுக்காண்டு அகலமாகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பனியே விழாத நமக்கு இதில் என்ன இருக்கிறது? உலக வானிலையியல் அகராதிகளில் ஃபோன், சினூக் வரிசையில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது: கச்சான். நம் கடலோரத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு மீனவர்கள் வைத்த பெயர். (ஈழத்தில் வேர்க்கடலைக்கும் இதே பெயர்தான். அங்கே போய்க் கச்சான் வேண்டும் என்றால் சுருளில் மடித்துத் தருவார்கள்.) ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மத்திய மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் இறங்கும். கடற்காற்றையே உள்ளே விடாமல் தடுத்து, பகல் வெப்பத்தை 37, 38 டிகிரிக்குக் கொண்டுபோகும் பலம் அதற்கு உண்டு. பனியும் குளிர்காலமும் தவிர, ஆல்ப்ஸின் கணக்கு அப்படியே இங்கே பொருந்துகிறது. மட்டக்களப்பில் உறவோ நட்போ இருந்தால், அடுத்த ஜூனில் அங்கே கச்சான் சுட்டெரிக்கும் ஒரு நாளில் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். அன்று மலைநாட்டின் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருப்பவர்களையும் கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் குடையை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.